ஸ்டேட்டஸ் என்றொரு பத்தி

வாலிபர் ஐக்கியத்திலிருந்து எழுதுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அறிவிப்புகள் முடிந்து, அந்த வாரத்தில் பிறந்தநாள் காண்கிறவர்களின் பெயர்களைப் போதகர் ஐயா வாசித்தார். ஐந்து பெயர்கள். நான்காவது பெயரை வாசித்துவிட்டு ஒரு கணம் நின்றார். அந்த அங்கிளை எட்டு மாதங்களுக்கு முன்பு அடக்கம் செய்தவரே அவர்தான். அங்கிளின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐயா ஐந்தாவது பெயரை மெதுவாக வாசித்துவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து டீ குடிக்கும் இடத்தில்கூட ஒருவரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அந்தப் பட்டியலைத் தயாரித்தது நாங்கள்தான். அது எப்படி நடந்தது என்று சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். "இதை மேகசினிலும் எழுதுங்கள். கம்ப்யூட்டர் செய்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் செயலாளர். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் சபையின் குடும்பப் பட்டியலை இருபது வருஷங்களுக்கும் மேலாக ஒரு அங்கிள் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார் என்பது தெரியும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைல். மகள் வீட்டோடு இருக்க மெல்பர்னுக்குப் போகும்போது, ஒரு யூ.எஸ்.பி.யில் போட்டு எங்கள் கையில் கொடுத்தார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் ரெஜிஸ்டர் தனியாக எக்செலில் இருந்தது. கிறிஸ்மஸ் கீத பவனிக்கு டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று ஊர்வாரியாகப் போட்ட பட்டியல் இன்னொருவரிடம். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் டைரக்டரியும் பிறந்தநாள் பட்டியலும் பவனிப் பட்டியலும் ஒரே இடத்திலிருந்து வரும் என்று நாங்கள் ஆறு பேர் துணிந்து இறங்கினோம். எங்களில் ஒருவர்தான் பல்கலைக்கழகத்தில் ஐ.டி. படிக்கிறார். மற்றவர்கள் நர்சிங், கணக்கியல், இன்னும் பன்னிரண்டாம் வகுப்பு. தவறு ஐ.டி. படிக்கிறவருடையது மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறோம்.

இந்தக் கதை முழுக்க ஆங்கிலத்தில் 'காலம்' என்கிறார்களே, மேலிருந்து கீழே போகும் கட்டங்களின் வரிசை, அதைப் பற்றியது. ஆனால் தமிழில் 'காலம்' என்று எழுதினால் நேரம் என்று படிப்பீர்கள். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'நிரல்' என்பார்கள். கணினித் தமிழிலோ நிரல் என்றால் புரோகிராம். செய்தித்தாளில் 'பத்தி' என்கிறார்கள். எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கு அது ஊதுபத்தி. பெயர் மோதலைப் பற்றி எழுத வந்தால் முதல் சொல்லிலேயே மோதல்! 'பத்தி' என்றே வைத்துக்கொள்கிறோம், பாட்டி மன்னிக்கட்டும்.

அங்கிளின் ஃபைலில் இரண்டு முக்கியமான டேபிள்கள். ஒன்று குடும்பங்கள், மற்றது உறுப்பினர்கள். இரண்டிலும் நேம், டேட், ஸ்டேட்டஸ் என்று ஒரே மாதிரி பத்திகள். குடும்ப டேபிளில் நேம் என்றால் குடும்பத் தலைவர். உறுப்பினர் டேபிளில் அந்த ஆள். முதலாவதில் டேட் என்றால் சபையில் சேர்ந்த நாள். இரண்டாவதில் பிறந்த நாள். அங்கிளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. எந்தத் தாளைப் பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் இரண்டு சாவிக்கொத்து வைத்திருப்பவருக்கு எது எந்தக் கதவு என்று தெரிவதுபோல.

ஆக்சஸுக்குத்தான் அப்போதே சங்கடம். 'நேம்', 'டேட்' இரண்டும் அது தன் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள். 'டேட்' என்றால் அதற்கு இன்றைய தேதி. 'நேம்' என்றால் அந்தப் படிவத்தின் அல்லது அறிக்கையின் பெயர். நாங்கள் முதன்முதலாக டைரக்டரியை அச்சிட முயன்றபோது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலே அவர்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் 'டைரக்டரி ரிப்போர்ட்', 'டைரக்டரி ரிப்போர்ட்' என்று பக்கம் பக்கமாக வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு தேடிப் பார்த்தால், மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரைச் சேர்ந்த அலன் பிரவுன் என்பவர், ஆக்சஸில் வைக்கக்கூடாத பெயர்கள் எவை என்று நீளமாக ஒரு பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். நம் ஊர்க்காரர் ஒருவர் உலகத்துக்கெல்லாம் இந்த உபகாரத்தைச் செய்திருக்கிறார் என்பதில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பட்டியலில் நேமும் உண்டு, டேட்டும் உண்டு.

அதனால் ஆக்சஸை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எஸ்.க்யூ.லைட் என்ற சிறிய டேட்டாபேஸுக்கு மாற்றினோம். அங்கே இரண்டு டேபிளையும் சேர்த்து 'நேம் கொடு' என்று கேட்டதும் அது மறுத்துவிட்டது. அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன, எது என்று சொல், என்றது. இரண்டு டேனியல் இருக்கும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் "டேனியல், வசனம் சொல்லு" என்றால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்களே, அது மாதிரி. சரி என்று, 'உறுப்பினரின் நேம்' என்று முன்னால் டேபிளின் பெயரைச் சேர்த்துக் கேட்டு, அதற்கு வேறொரு பெயரும் வைத்தோம். 'டேட்'டுக்கும் அப்படியே. உறுப்பினரின் டேட், இனி அதன் பெயர் பிறந்தநாள். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

இந்த மோதல் இன்று நேற்று வந்ததல்ல. இவ்வகை டேட்டாபேஸ்களுக்கெல்லாம் அடிப்படையான கட்டுரையை ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதினார். அதிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது: எந்தப் பாகம் எந்தப் பாகத்துக்குள் போகிறது என்று காட்டும் டேபிள். அதில் இரண்டு பத்திகளுக்கும் 'பாகம்' என்றே பெயர். ஒன்று உள்ளே போவது, மற்றது அதை வாங்கிக்கொள்வது. இப்படி வரும்போது பெயரோடு அது வகிக்கும் பாத்திரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். பிறகு அதே நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் கேள்வி கேட்கும் மொழியொன்றை உருவாக்கி அதற்கு 'சீக்வெல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பிரிட்டனில் ஹாக்கர் சிட்லி என்ற விமானக் கம்பெனியின் வர்த்தகச் சின்னமாக இருந்ததால் எழுத்துகளைக் குறைத்து எஸ்.க்யூ.எல். ஆக்க வேண்டியதாயிற்று. பெயர் மோதலைத் தீர்க்க வந்த மொழிக்கே பெயர் மோதல்.

காட் சொன்ன அறிவுரையை நாங்கள் இரண்டு பத்திகளுக்குக் கேட்டோம். மூன்றாவதை மறந்தோம்.

ஸ்டேட்டஸ். உறுப்பினர் டேபிளில் அது ஒரு ஆளின் நிலை: இருக்கிறார், வேறு ஊர் போய்விட்டார், இறந்தவர். குடும்ப டேபிளில் அது குடும்பத்தின் நிலை: பதிவில் இருக்கிறது, இல்லை. இரண்டிலும் பெரும்பாலும் 'ஆக்டிவ்' என்ற ஒரே சொல். எங்கள் கேள்வியின் தொடக்கத்தில் 'எல்லாவற்றையும் கொடு' என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தோம். நாங்கள் மறுபெயர் வைத்தவற்றை அதன் பின்னால் சேர்த்திருந்தோம். நட்சத்திரம் போட்டால் டேட்டாபேஸ் எது என்று திருப்பிக் கேட்காது. இரண்டு ஸ்டேட்டஸையும் பேசாமல் கொடுத்துவிடும். அதை வாங்கிக்கொள்ளும் பைத்தான் புரோகிராமிலோ, ஒவ்வொரு ஆளின் விவரத்தையும் பெயர் ஒட்டிய டப்பாக்களில் போட்டு வைத்தோம். 'ஸ்டேட்டஸ்' என்று சீட்டு ஒட்டிய டப்பா ஒன்றுதான். முதலில் ஆளின் ஸ்டேட்டஸ் அதற்குள் போகிறது. அடுத்து குடும்பத்தின் ஸ்டேட்டஸ் வருகிறது. பழையதை எடுத்துப் போட்டுவிட்டு அது உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சத்தம் இல்லை. அங்கிள் இறந்தவர். அன்ரியின் குடும்பம் ஆக்டிவ். ஆகவே அங்கிளும் ஆக்டிவ்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கமிட்டியில் கேட்டார்கள். பார்த்தோம். எங்கள் ஆறு பேரின் குடும்பங்களையும் போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியாக வந்தது. எங்கள் குடும்பங்களில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அவ்வளவுதான் எங்கள் சோதனை.

அன்று இரவு டூங்காபியில் ஒரு வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் அரைமணி நேரம், மெல்பர்ன் அங்கிள்தான் 'இறந்தவர்' என்று குறிக்க மறந்திருப்பார் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஃபோனும் போட்டோம். "எழுதியிருப்பேனேப்பா, பாருங்க" என்றார் பொறுமையாக. பார்த்தோம். எழுதியிருந்தார். அடக்க ஆராதனை நடந்த அதே வாரத்தில், தேதியோடு. அந்த வரிசையில் அவர் விட்டது ஒன்றுமில்லை. பிறகு பட்டியலை முழுதும் ஓட்டிப் பார்த்ததில், இன்னும் 11 பேர் அப்படி இருந்தார்கள். வரும் மாதங்களில் ஒவ்வொரு பெயராகப் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று ஒரு குழந்தையின் பெயர். எங்கள் யாருக்கும் அந்தக் குழந்தையைத் தெரியாது; நாங்கள் பிறப்பதற்கு முன். பெற்றோரைத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பின்வரிசையில் உட்காருகிறவர்கள்.

புதன்கிழமை மாலை அன்ரியைப் பார்க்கப் போனோம். (எங்களில் பாதிப்பேர் 'ஆன்ட்டி', மறுபாதி 'அன்ரி'. அவர் யாழ்ப்பாணம் உடுவில் பக்கம் என்பதால் இங்கே அன்ரி.) கையில் பழமோ கேக்கோ கொண்டுபோகாதீர்கள், சும்மா போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று ஐயா சொல்லியிருந்தார்.

"வாங்கோ பிள்ளையள், இருங்கோ" என்று அன்ரி உள்ளே கூப்பிட்டார். நாங்கள் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லத் தொடங்கியதும், "வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்று நிறுத்திவிட்டார். ஆனால் அதோடு விடவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. "எனக்கு என்னெண்டா, அண்டைக்கு அவற்றை பிறந்தநாள் எண்டு எனக்குத் தெரியும். ஒரு காணிக்கைக் கவர் கொண்டுவந்தனான். பேர் எழுதாமல் போட்டுட்டு வருவம் எண்டு நினைச்சன். பேர் வாசிச்சாப்பிறகு எல்லாரும் என்னைப் பாக்கினம். எழும்பிப் போக ஏலாமல் போச்சு." கவர் இன்னும் கைப்பைக்குள் இருக்கிறது என்றார். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீ வந்தது. பிறகு அவராகவே உள்ளே போய் ஒரு பழைய ஃபைல் கவரைக் கொண்டுவந்து, அங்கிளின் காகிதங்களை மேசையில் பரப்பினார். "பேர்ப் பிழை எண்டால் இதைப் பாருங்கோ." பிறப்புச் சான்றிதழில் அங்கிளின் பெயர் ஒரு கட்டத்தில், தகப்பனாரின் பெயர் வேறொரு கட்டத்தில். பாடசாலைச் சான்றிதழில் தகப்பனாரின் முதலெழுத்து முன்னால் ஒட்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் தகப்பனாரின் முழுப்பெயர் 'சர்நேம்' ஆகிவிட்டது. இங்கே வந்தபின் வேலை செய்த இடத்தில் அந்த சர்நேமைப் பிடித்துக்கொண்டார்கள். "முப்பது வருசம் அவற்றை அப்பாவைத்தான் வேலைக்குக் கூப்பிட்டவை. சம்பளமும் அப்பாவின்ரை பேருக்குத்தான் வந்தது" என்று அன்ரி சிரித்தார். அந்த வீட்டில் அன்று முதல் சிரிப்பு. ரூக்வுட்டில் கல் வைக்கும்போது மட்டும், அவர் பெயரைப் பெரிதாக முதலில் எழுதி, தகப்பனார் பெயரைக் கீழே சின்னதாகப் போடச் சொன்னாராம். "கல்லிலையாவது சரியாய் இருக்கட்டும்."

திரும்பி வரும்போது காரில் பேசியது முழுக்க இதைத்தான். எங்கள் வீடுகளிலும் இதே கதை. சாமுவேல் என்பவரின் மகன் ஜெயராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் அவர் எஸ். ஜெயராஜ். சிட்னியில் ஜெயராஜ் சாமுவேல். அவருக்கு ஒரு மகள் பிறந்து அவள் பெயர் எஸ்தர் என்றால், அவள் எஸ்தர் ஜெயராஜா, எஸ்தர் சாமுவேலா? முதலாவது என்றால் அப்பாவுக்கும் மகளுக்கும் வேறு வேறு சர்நேம். பள்ளிக்கூட ஆபீஸில் கேள்வி கேட்பார்கள். இரண்டாவது என்றால் தாத்தா பெயர் இந்த நாட்டில் குடும்பப் பெயராக உறைந்துவிடுகிறது. ஒரே சபையில் இரண்டு விதமும் உண்டு. சில வீடுகளில் ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு முழுப்பெயரையும் மற்ற கட்டத்தில் போட்டுக்கொண்டு வந்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய் வழியாக ஊருக்குப் போகிற நம் சபையாரில் எத்தனை பேர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள் என்பது நினைவிருக்கலாம்.

பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி எழுத்துகள் இருக்குமே, ஒவ்வொரு வரியிலும் 44 எழுத்து, மெஷின் படிப்பதற்காக. அதற்கான விதிகளை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கிறது. அந்த விதிகளில் 'முதன்மை அடையாளம்', 'இரண்டாம் அடையாளம்' என்றுதான் இருக்கிறது. ஒரே பெயர் உள்ளவருக்கு அது முதன்மை இடத்தில் வரும், மற்றது காலி. உலகத்திலுள்ள எல்லா மக்களின் பெயரையும் எழுத வேண்டியவர்கள், பத்திக்குக் 'குடும்பப் பெயர்' என்று பெயர் வைத்தால் பொய்யாகிவிடும் என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். நாங்கள் அதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1832-இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய செமினரியில் படித்து, பின்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவரானவர். கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பிற்காலத்தில் சைவராக வாழ்ந்தவர். அந்த மிஷனில் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்கள் வைப்பது வழக்கம். அவருக்கு சார்ல்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பரி என்று பெயர். ஆங்கிலத்தில் அவரை சி.டபிள்யூ. என்று எழுதுவார்கள், சார்ல்ஸ் வின்ஸ்லோ. தமிழில் சி.வை., அதாவது சிறுப்பிட்டி வைரவநாதர், ஊரும் தகப்பனும். கிட்டத்தட்ட அதே இரண்டு எழுத்து, இரண்டு முழு வாழ்க்கை. அவரை நம் ஆக்சஸ் ஃபைலில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். இதுவரை பதில் இல்லை.

வேதபாட வகுப்பில் இதைச் சொன்னபோது, எங்கள் வகுப்பை நடத்தும் அண்ணன் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னார். கொர்நேலியுவுக்குத் தூதன் கொடுத்த விலாசம் அங்கே இருக்கிறது. யோப்பாவுக்கு ஆள் அனுப்பி சீமோனை அழைப்பிக்க வேண்டும். ஆனால் சீமோன் தங்கியிருப்பதோ இன்னொரு சீமோன் வீட்டில்! வெறுமனே 'சீமோன்' என்று சொல்லி அனுப்பியிருந்தால், வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் தோல் பதனிடுகிறவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் ஒருவருக்கு மறுபெயர், பேதுரு. மற்றவருக்குத் தொழிலும், கடலோரத்தில் வீடு என்ற குறிப்பும். எஸ்.க்யூ.எல்.-இல் ஒரு பத்திக்கு வேறு பெயர் வைப்பதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். 'மறுபெயர்' என்று நம் பழைய வேதாகமத்திலேயே சொல் தயாராக இருந்திருக்கிறது. மேலே நாங்கள் அந்தச் சொல்லைப் போட்டது அங்கிருந்து எடுத்துத்தான்.

சரி, திருத்தியது எப்படி என்று சொல்ல வேண்டும். நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டோம். வேண்டிய பத்திகளை ஒவ்வொன்றாக எழுதித்தான் கேட்கிறோம். அதைவிட முக்கியமாக, டேபிள்களுக்குள்ளேயே பெயர்களை மாற்றினோம். நேம், டேட், ஸ்டேட்டஸ் என்று மொட்டையாக இனி எந்தப் பத்தியும் கிடையாது. எஸ்.க்யூ.லைட் தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் என்பதால் தமிழிலேயே வைத்தோம்: பிறந்த நாள், திருமண நாள், சபையில் சேர்ந்த நாள், மரித்த நாள், ஆளின் நிலை, குடும்பத்தின் நிலை. நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. மெல்பர்ன் அங்கிள் இதைக் கேட்டு, "முதல்லயே தோணியிருந்தா இருபது வருஷம் நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார். பெயருக்கு மூன்று பத்திகள்: சபையில் அழைக்கும் பெயர், ஆவணப்படி பெயர், தகப்பன் அல்லது குடும்பப் பெயர். கடைசியது காலியாக இருந்தால் காலியாகவே இருக்கும். யாரையும் நிரப்பச் சொல்ல மாட்டோம். அகரவரிசை, அழைக்கும் பெயரை வைத்து. சர்நேம் வரிசைதான் முறை என்று கமிட்டியில் இரண்டு பேர் வாதாடினார்கள். அது தோற்றதில் எங்களுக்கு வருத்தமில்லை.

தமிழில் வைத்ததும் புதுத் தொல்லை ஒன்று வந்தது. 'தொலைபேசி' என்ற பத்தி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, டேட்டாபேஸ் அப்படி ஒரு பத்தியே இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். காரணம் இது: 'தொ' என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே துண்டாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பவனிப் பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. அதில் இரண்டு துண்டு. நாங்கள் தட்டியது ஒரே துண்டு. அதுவரை ஒரே பெயரில் இரண்டு பத்திகளோடு மல்லாடிக்கொண்டிருந்தவர்களுக்கு, இப்போது ஒரே பத்திக்கு இரண்டு பெயர். எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகுதான் அடங்கியது.

இப்போது பட்டியலைச் சோதிக்க ஒரு கற்பனைக் குடும்பம் வைத்திருக்கிறோம். அதில் ஒருவர் இறந்தவர், ஒருவர் பிரிஸ்பனுக்குப் போனவர், ஒருவருக்குப் பெயர் ஒன்றே ஒன்று, அப்பாவுக்கும் மகளுக்கும் வேறு சர்நேம். அந்தக் குடும்பம் சரியாக வராமல் எந்தப் பட்டியலும் ஐயா கைக்குப் போகாது. அதற்கும் மேலே, சனிக்கிழமை இரவு மூப்பர் ஒருவர் கண்ணால் படித்துப் பார்க்கிறார். இது கம்ப்யூட்டர் வேலை இல்லைதான். ஆனால் இதைத்தான் மெல்பர்ன் அங்கிள் இருபது வருஷம் செய்துகொண்டிருந்தார். எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இறந்தவர்களின் பிறந்தநாளை டேட்டாபேஸிலிருந்து எடுத்துவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. எடுத்துவிட்டால் இப்படி ஒரு தவறு நடக்கவே வழியில்லை. முடிவு செய்யுமுன் அன்ரியிடம் கேட்டோம். "எடுத்துப்போடாதேங்கோ. வாசிக்க வேண்டாம். ஆனா எடுத்துப்போடாதேங்கோ" என்றார். பின்வரிசையில் உட்காரும் அந்தப் பெற்றோரிடம் ஐயா கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள்.

டைரக்டரியின் அச்சுப்படி போன மாதம் வந்தது. அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் குடும்பத்தின் இடத்தைத் தேடி எடுத்து, அங்கிளின் பெயர் எங்கே எப்படி இருக்கிறது என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கல்லில் இருப்பதுபோலவே, அவர் பெயர் முன்னால், தகப்பனார் பெயர் பின்னால். பிறகு பேனா கேட்டார். எங்களுக்குத் திக்கென்றது. அவருடைய மொபைல் நம்பரில் கடைசிக்கு முந்தின இலக்கம் தவறாம். ஐந்தை அடித்து எட்டு என்று எழுதிக் கொடுத்தார்.